எம்.எல்.ஏ.விடம் ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன கேட்பது? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் 22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். பதிவு பெற்ற பார்மசிஸ்ட். சீட்டை நீட்டுகிறவர்கள் மாத்திரையோடு நிறுத்துவதில்லை. "இந்த டாக்டர் சரியான டாக்டரா அண்ணா?", "பில் இவ்வளவு போட்டிருக்காங்களே, கேட்க ஆளே இல்லையா?" என்று கேட்பார்கள். ஓட்டு கேட்டு வருகிற நாட்களில் கேள்வி இன்னும் கூடும். கவுன்ட்டரில் நின்று சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். மர்ஃபி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று எங்கே இருந்தாலும் உங்களுக்கும் உதவும்.

சுகாதாரம் யார் கையில்? எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா?

இரண்டு பேர் கையிலும் இருக்கிறது, ஆனால் வேறு வேறு பாதி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் 6-ஆவதாக வருகின்றன. மருத்துவத் தொழில், வக்கீல் தொழில் போன்றவை பொதுப் பட்டியலில் 26-ஆவது. அதாவது ஒரு ஆஸ்பத்திரிக்கு உரிமம் கொடுப்பது, அதன் கட்டணத்தைக் கேள்வி கேட்பது, நம்ம கிளினிக்கில் டாக்டர் இருக்கிறாரா என்று பார்ப்பதெல்லாம் விதான சவுதா, அதாவது மாநிலச் சட்டசபையின் வேலை. யாரை டாக்டர் என்று சொல்லலாம், நர்ஸுக்கு என்ன படிப்பு வேண்டும், தப்பு செய்த டாக்டரின் பதிவை எப்படி ரத்து செய்வது என்பதில் பெரும்பகுதியை டெல்லியில் நாடாளுமன்றம் முடிவு செய்கிறது.

இது தெரியாமல்தான் எம்.பி.யிடம் போய்த் தெருமுனை கிளினிக்கைப் பற்றியும், எம்.எல்.ஏ.விடம் போய் மருத்துவப் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறோம்.

எங்க எம்.எல்.ஏ. ஆம்புலன்ஸ் கொடுத்திருக்கிறார், கண் முகாம் நடத்துகிறார். அது போதாதா?

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்க ஒரு நல்ல மனசுள்ள வியாபாரிகூடப் போதும். சட்டம் எழுத எம்.எல்.ஏ.வால்தான் முடியும். கர்நாடகப் பேரவையில் இருக்கிற 224 பேரையும் மேலவை உறுப்பினர்களையும் தவிர இந்த ஊரில் வேறு யாரும் "அவசரத்துக்கு வந்த நோயாளியிடம் முதலில் பணம் கட்டு என்று கேட்கக் கூடாது" என்று ஒரு மசோதாவுக்குக் கை தூக்க முடியாது. அவரைப் பார்க்கப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகாதாரத்தைப் பற்றித் தெளிவான கருத்து வைத்து, அதற்காகச் சட்டசபையில் நின்ற யாராவது இருக்கிறார்களா?

கே.ஆர்.ரமேஷ் குமார். கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரம் தொகுதிக்காரர். சபாநாயகராக இருந்தவர் என்று பலருக்குத் தெரியும். 2017-இல் சித்தராமையா முதல்வராக இருந்தபோது இவர்தான் சுகாதார அமைச்சர்.

கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் என்று 2007-இல் ஒன்று வந்தது. கே.பி.எம்.ஈ. என்று சொல்வார்கள். தனியார் கிளினிக், லேப், நர்சிங் ஹோம் எல்லாம் அதன் கீழ் பதிவு செய்ய வேண்டும். சட்டம் காகிதத்தில் இருந்ததே தவிர, நோயாளிக்குப் போய் முறையிட ஒரு இடம் அதில் சரியாக இல்லை. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி விக்ரமஜித் சென் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பிறகு 2017 ஜூனில் ரமேஷ் குமார் திருத்த மசோதா கொண்டுவந்தார். சிகிச்சைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கும், மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் குழு இருக்கும், மீறினால் சிறை என்று அதில் இருந்தது. மசோதா இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுத் தேர்வுக் குழுவுக்குப் போனது.

நவம்பரில் பெலகாவியில் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்தபோது தனியார் டாக்டர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வழக்கமாகப் போகும் கிளினிக் பூட்டிக் கிடக்க, போன வருடத்துச் சீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் வந்து ஜெலுசில் கேட்டார். மருந்து கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு பக்கமும் பிடிவாதம் பிடித்தால் நடுவில் நிற்பது யார் என்று அன்று பார்த்தேன்.

கடைசியில் முதல்வர் பேச்சுவார்த்தை நடத்தி, தணித்த வடிவில் மசோதா அதே மாதம் நிறைவேறியது. டாக்டருக்குச் சிறை என்பது பெரும்பாலும் போனது. கட்டண உச்சவரம்பு அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் செய்யப்படும் சிகிச்சைகளோடு சுருங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளையும் இதே சட்டத்தில் சேருங்கள் என்று டாக்டர்கள் கேட்டார்கள், அது நடக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், சிறைத் தண்டனை வைத்தது அமைச்சர் செய்த தப்பு. கட்டணத் தகராறுக்கு ஜெயில் என்றால் எந்த டாக்டரும் பயந்துதான் போவார். ஆனால் ஏழை நோயாளிக்குக் கோர்ட்டுக்குப் போகாமல் முறையிட ஓர் இடம் வேண்டும் என்று நின்றாரே, அது நூற்றுக்கு நூறு சரி. அரசு ஆஸ்பத்திரியையும் சேர்க்கச் சொன்ன விஷயத்தில் டாக்டர்கள் பக்கம்தான் நான். நம்ம ஜனங்களில் பாதிப்பேர் போவது அங்கேதானே!

அந்தச் சட்டத்தில் நமக்கு இப்போது என்ன மிச்சம் இருக்கிறது?

பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. நோயாளி உரிமைச் சாசனம் சட்டத்தின் ஒரு பகுதி. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கட்டினால்தான் தொடுவேன் என்று சொல்லக் கூடாது. இறந்தவர் உடலை, பாக்கிப் பணத்தைக் காட்டி நிறுத்தி வைக்கக் கூடாது. கட்டண விவரத்தை நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும். மாவட்டத்தில் டி.சி. (மாவட்ட கலெக்டர்) தலைமையில் பதிவு மற்றும் குறைதீர்ப்பு ஆணையம் இருக்கிறது, மாவட்ட சுகாதார அதிகாரி அதன் செயலர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் கவனக்குறைவாகச் சிகிச்சை செய்தார் என்ற புகாரை இந்த ஆணையம் தீர்க்காது. அது கர்நாடக மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். நஷ்ட ஈடு வேண்டுமானால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

எங்கே போனாலும் முதலில் கேஸ் ஷீட் நகல் வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, இன்னொரு காகிதத்தில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைக் கட்டுப்படுத்த அரசால் முடியுமா? முடியாது என்கிறார்களே.

2024 ஜூலையில் டெங்கு பரவியபோது கர்நாடக அரசு டெங்குப் பரிசோதனைக்கு 600 ரூபாய்தான் அதிகபட்சம் என்று உத்தரவு போட்டது. எலைசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் இரண்டு சோதனை, ஒவ்வொன்றும் 300. மனசு வைத்தால் முடிகிறது. வேறு எந்தெந்தப் பரிசோதனைக்கு இதைச் செய்யலாம் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். இது நல்ல கேள்வி, பதிலும் சுலபமாகச் சொல்ல முடியாது.

என் டாக்டர் உண்மையான டாக்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சீட்டைப் பாருங்கள். பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். எண் இருந்தால் மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடலாம். 2024 ஆகஸ்டில் நாடு முழுக்கவுள்ள டாக்டர்களுக்கான தேசிய மருத்துவப் பதிவேட்டு இணையதளத்தையும் தொடங்கியிருக்கிறார்கள். கிளினிக் சுவரில் கே.பி.எம்.ஈ. பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். சில வருடம் முன்பு வீட்டு வேலை செய்கிற ஒரு அக்கா, நாலு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பையனுக்கு வீசிங். கையில் சீட்டு இல்லை, கத்திரியால் வெட்டிய மாத்திரைப் பட்டைத் துண்டு ஒன்றுதான் இருந்தது. நாலு மாத்திரை. வெட்டிய இடத்தில் பெயர் பாதியாகி 'டெக்ஸா' என்று மட்டும் தெரிந்தது. "இதே கொடுங்கண்ணா, போட்டா உடனே கேக்குது" என்றார். பையன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பி, நிலா மாதிரி வட்டமாக இருந்தது. எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "அஞ்சு மாசமா, தினம் பாதி" என்றார். ஸ்டிராய்டு மாத்திரை அது. அவசரத்துக்கு உயிர் காக்கும் மருந்து. ஒரு குழந்தைக்கு ஐந்து மாதம் கண்காணிப்பு இல்லாமல் கொடுக்கக் கூடிய மருந்து அல்ல. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதையும் சொல்லி, அன்றே குழந்தை டாக்டரிடம் போகச் சொன்னேன். நானும் கூடப் போனேன்.

அந்த கிளினிக் போர்டில் 'கிளினிக்' என்ற சொல்லும் நேரமும்தான் இருந்தன. பெயர் இல்லை, படிப்பு இல்லை, எண் இல்லை. தெருவுக்கே 'டாக்டர் சார்'. பத்து வருடமாக யாரும் கேட்டதில்லை.

புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், பூட்டினார்கள். நாலு மாதம் கழித்து இரண்டு தெரு தள்ளி வேறு போர்டோடு திறந்தது. மறுபடி எழுதிக் கொடுத்தோம். எத்தனை ஆய்வு நடக்கிறது, பூட்டிய இடம் மறுபடி திறந்தால் யார் பொறுப்பு என்பதுதான் சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி. அதை யாராவது கேட்டார்களா என்று இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போர்டில் ஆர்.எம்.பி. என்று போட்டிருந்தால்?

பதிவு எண் கேளுங்கள். அந்த மூன்று எழுத்துக்கு 'பதிவு பெற்ற மருத்துவர்' என்று அர்த்தம். எண் இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. பதிவு இல்லாமல் அலோபதி பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது.

சித்த வைத்தியரிடம் போகலாமா? அவர்களுக்கும் சட்டம் உண்டா?

உண்டு. சித்த மருத்துவத்துக்கு பி.எஸ்.எம்.எஸ். என்று ஐந்தரை வருடப் படிப்பு இருக்கிறது. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம் 2020 சட்டத்தின்படி அதைக் கவனிக்கிறது. என் அம்மா முட்டி வலிக்கு இன்றும் சித்த எண்ணெய்தான் தேய்க்கிறார். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் ஒரு முறையில் படித்துவிட்டு இன்னொரு முறை மருந்தை எழுதும்போதுதான். ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் வைத்தியம் பார்ப்பவர் போலி மருத்துவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. சித்த வைத்தியர் சூரணம் கொடுக்கட்டும். லேகியத்தோடு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெல்லியில் எம்.பி.க்கள் என்ன செய்தார்கள்? மருத்துவக் கவுன்சிலைக் கலைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆமாம். பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்கள் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய அமைப்பு. 2010 ஏப்ரலில் அதன் தலைவரையே லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது. 2016 மார்ச்சில் ராம் கோபால் யாதவ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, கவுன்சில் தன் கடமையைச் செய்யவில்லை என்று தன் 92-ஆவது அறிக்கையில் கடுமையாக எழுதியது. பல கட்சி எம்.பி.க்கள் உட்கார்ந்து எழுதிய அறிக்கை. நம் எம்.பி.க்கள் நினைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

அப்புறம் 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் நடைமுறை. ஆணையத்தில் மொத்தம் 33 பேர். பெரும்பாலோர் நியமனம். முன்பு தேர்தல் அரசியல் இருந்தது, இப்போது அரசாங்கத்தின் கை ஓங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நிர்வாகம், சட்டம், நெறிமுறை, ஆராய்ச்சி, நோயாளி உரிமை, பொருளாதாரம் என்று பல துறைகளையும் சேர்த்து 3 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றாவது நோயாளி பக்கம் பேசுகிறவருக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எனக்குப் பெரிய வருத்தம் பிரிவு 30(3). மாநிலக் கவுன்சில் ஒரு புகாரில் முடிவு சொல்கிறது என்று வையுங்கள். முடிவு பிடிக்காத டாக்டர் மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நோயாளி என்ற சொல் அங்கே இல்லை. பழைய 2002 விதிகளில், பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று பிற்பாடு சேர்த்திருந்தார்கள். கைக்குழந்தையைப் பறிகொடுத்த அப்பா அம்மாவும் அந்த 'எவரும்' என்ற சொல்லில் அடங்குவார்கள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். உங்கள் எம்.பி.யிடம் இதை மட்டும் கேளுங்கள்: "30(3)-இல் நோயாளியையும் சேர்க்க நீங்கள் திருத்தம் கொண்டுவருவீர்களா?" தனிநபர் மசோதாவாகக்கூட அவர் கொண்டுவரலாம்.

குறுகிய பயிற்சி பெற்றவர்களையும் டாக்டர் ஆக்கப்போகிறார்களாமே?

அந்தப் பயம் 2019 சட்டத்தின் 32-ஆம் பிரிவிலிருந்து வந்தது. 'சமுதாய சுகாதாரப் பணியாளர்' என்ற பெயரில், நடுத்தர நிலையில் மருத்துவம் பார்க்க வரையறுக்கப்பட்ட உரிமம் கொடுக்கலாம் என்றும், அவர்கள் எண்ணிக்கை பதிவு பெற்ற டாக்டர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. இதை எதிர்த்துத்தான் 2019 ஜூலை 31 அன்று இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது.

நான் இதை முழுசாக எதிர்க்கவில்லை. நல்ல பயிற்சி பெற்ற செவிலியர் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தொடர்ந்து கொடுப்பதால் எந்தக் கேடும் வராது. ஆனால் யாருக்கு என்ன பயிற்சி, எந்த மருந்து வரைக்கும், தப்பினால் யார் பொறுப்பு என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். விதிகளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தெருமுனை 'டாக்டர் சார்'களுக்குக் கதவு திறந்தது போலாகும்.

நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட்?

இங்கே நிறையப் பேருடைய பிள்ளைகள் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள்.

செவிலியர்களுக்கு இருந்தது 1947 சட்டம். அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. பல் மருத்துவத்துக்கும் அதே வருடம் புதுச் சட்டம். லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி, கண் பரிசோதனை, உணவியல் என்று 56 தொழில்களுக்கு 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதுவரைக்கும் உங்கள் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறவருக்கு நாடு தழுவிய ஒரு பதிவேடுகூடக் கிடையாது. யோசித்துப் பாருங்கள், டாக்டர் எழுதும் மருந்தில் பாதி லேப் ரிப்போர்ட்டை நம்பித்தான் எழுதப்படுகிறது.

சட்டம் டெல்லியில் வந்தாலும் பதிவு செய்யும் கவுன்சிலை அமைத்து ஓட்ட வேண்டியது மாநிலம். கர்நாடகத்தில் அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது, என் மகள் படித்த டிப்ளமோ அதில் ஏறுமா என்று எம்.எல்.ஏ.விடம் கேட்கலாம். வீதிக்கு வீதி முளைக்கிற பாராமெடிக்கல் கல்லூரியில் பணம் கட்டும் முன்னாடியே கேட்பது நல்லது. போன வருடம் ஒரு பெண், அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் இரண்டு வருடம் படித்த சான்றிதழைக் காட்டி என் கடையில் அழுதாள். என்னால் செய்ய முடிந்தது தண்ணீர் கொடுத்ததுதான்.

உங்கள் தொழிலில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா?

இல்லை. 1948 பார்மசி சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிற இடத்தில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். எத்தனையோ கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கிறது, ஆள் வேறு ஊரில் இருக்கிறார். வாடகைச் சான்றிதழ் என்று எங்களுக்குள் சொல்வோம். இது எங்கள் தொழிலுக்கே அவமானம்.

2014 முதல் எச்-1 அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை சிலவற்றை விற்கும்போது நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். என் கடையில் அது நீல அட்டை போட்ட நீள நோட்டு. எழுத ஒரு நிமிடம் ஆகும். கூட்டம் நிற்கும்போது அந்த ஒரு நிமிடத்துக்காக என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. அடுத்த கடையில் எழுதாமல் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லாதவரை நேர்மையாக எழுதுகிறவனுக்குத்தான் நஷ்டம். மருந்து ஆய்வாளர் பணியிடம் எத்தனை காலி என்று உங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் ஒரு கேள்வி போட்டால் எனக்கு அது பெரிய உதவி.

சட்டத்தை இறுக்கினால் நல்ல டாக்டர்கள் ஓடிப்போக மாட்டார்களா?

நல்ல டாக்டரை அடித்தால் ஓடிப்போவார், கேள்வி கேட்டால் ஓட மாட்டார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 2009-லேயே சட்டம் இருக்கிறது. நோயாளி இறந்தால் கண்ணாடியை உடைப்பது நம்ம ஜனங்களும் செய்கிற தப்பு. முறையிட இடம் இருந்தால் கல்லை எடுக்கத் தோன்றாது. அதனால் இந்த இரண்டு சட்டமும் ஒன்றுக்கொன்று துணை என்று நினைக்கிறேன்.

ஒரு எம்.எல்.ஏ.வின் உண்மையான கருத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

மேடைப் பேச்சை விடுங்கள். அவர் சட்டசபையில் சுகாதாரத் துறையிடம் என்ன கேள்வி கேட்டார், எந்த மசோதாவில் பேசினார் என்று பாருங்கள். கேள்வி பதில்கள் பதிவாகின்றன.

இன்னொன்று, கர்நாடகத்தில் அரசியல் குடும்பங்கள் சில தனியார் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நடத்துகின்றன. ஒளிவு மறைவு இல்லாத விஷயம், எல்லாக் கட்சியிலும் உண்டு. நடத்துவது குற்றமும் இல்லை. ஆனால் கட்டண உச்சவரம்பு பற்றி ஓட்டுப் போடப் போகிறவருக்கு ஆஸ்பத்திரியில் பங்கு இருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்வேன். சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போன முதல் பெண், அவரே டாக்டர். கிளினிக்கில் பார்த்ததைத்தான் சபையில் பேசினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். நூறு வருடம் முன்பு ஒரு பெண் தனியாகச் செய்ததை இன்று 224 பேரிடம் எதிர்பார்ப்பது அதிகமா?

மேலவை எம்.எல்.சி.க்களால் நமக்கு என்ன பயன்?

கர்நாடக மேலவையில் 75 இடம், அதில் 7 பட்டதாரித் தொகுதி. பெங்களூருக்கும் ஒன்று உண்டு. பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆன பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபிக்காரர்கள் எல்லாம் இதில் ஓட்டுப் போடலாம். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியலைப் புதிதாகத் தயாரிப்பார்கள், போன முறை இருந்தேன் என்று சும்மா இருக்க முடியாது. சான்றிதழ் நகலோடு மறுபடி மனு கொடுக்க வேண்டும். நம்ம பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள்.

சென்னை டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்கலாமா?

கேட்கலாம். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஆலோசனை தரலாம். சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதை வகை மருந்துகளைப் போனில் எழுத முடியாது. எண் இல்லாத வாட்ஸ்அப் சீட்டைக் கொண்டுவந்தால் நான் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரசாங்கத்திடம் பணமே இல்லை என்கிறார்களே?

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்றது. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த 2.5-ஐ எட்டவில்லை. கர்நாடக பட்ஜெட் வரும் நாளில் அந்த 8-ஐ எம்.எல்.ஏ.விடம் ஞாபகப்படுத்துங்கள்.

எனக்குக் கன்னடம் எழுத வராது. எப்படிப் போய்ப் பேசுவது?

பேச்சுக் கன்னடம் நம்ம எல்லாருக்கும் வரும், அது போதும். ஆனால் அர்ஜி, அதாவது மனு, கன்னடத்தில் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள். நானும் நாலு பேரும் ஒரு முறை காலை ஏழரைக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றோம். மாற்றல், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று முப்பது பேர் எங்களுக்கு முன்னால். எங்கள் முறை வந்தபோது கிடைத்தது இரண்டு நிமிடம். வெட்டிய மாத்திரைப் பட்டையை ஒரு கவரில் போட்டு அர்ஜியோடு பின் செய்து கொடுத்தேன். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது குழந்தைக்கா?" என்று கேட்டார். உதவியாளரிடம் நம்பர் குறிக்கச் சொன்னார்.

அர்ஜி எழுத உதவி வேண்டுமானால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் கூட்டம் குறைவு. எனக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் கன்னட மீடியத்தில் படித்தவர், அழகாக எழுதிக் கொடுப்பார். வரும்போது சீட்டு, பில், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடம்கூட.